டர்பன் பக்கம் உங்கள் பிள்ளையின் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் குழு தொடங்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பீனிக்ஸ், சாட்ஸ்வர்த், வெருலம் பக்கம் புதிதாகப் பிள்ளையைச் சேர்த்த தமிழ்ப் பெற்றோர் என்னிடம் முதலில் கேட்பது இதுதான்: "அக்கா, இங்கே பி.டி.ஏ. கிடையாதா?" சில பள்ளிகளில் உண்டு, பல பள்ளிகளில் இல்லை. இல்லாத பள்ளியில் அதை எப்படித் தொடங்குவது என்று எழுதுகிறேன். பீனிக்ஸில் ஓர் ஆரம்பப் பள்ளியில் நாங்கள் இரண்டு முறை முயன்றோம். முதல் முறை நான்கு மாதத்தில் கலைந்தது. இரண்டாவதுதான் நின்றது. முதல் முறை கூட்டத்துக்கு வந்தவர்களை மட்டும் வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்தோம். வராதவர்கள் ஏன் வரவில்லை என்று யாரும் போய்க் கேட்கவில்லை. கீழே சொல்லும் ஒவ்வொரு படியிலும் அந்தக் கேள்வி வரும்.

ஏற்கெனவே இருப்பது என்ன?

தென்னாப்பிரிக்காவில் ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் ஆட்சிக்குழு ஒன்று சட்டப்படி இருந்தாக வேண்டும். எல்லாரும் அதை எஸ்.ஜி.பி. என்றுதான் சொல்வார்கள். 1996-ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டம் உருவாக்கிய அமைப்பு அது. தேர்ந்தெடுக்கப்பட்ட பெற்றோர், ஆசிரியர், ஆசிரியரல்லாத ஊழியர் ஆகியோரோடு தலைமையாசிரியரும் இருப்பார். உயர்நிலைப் பள்ளியானால் மாணவர்களும் உண்டு. வாக்குரிமை உள்ள மற்ற எல்லாரையும் சேர்த்து எண்ணினால் வருவதைவிடப் பெற்றோர் ஒருவர் அதிகமாக இருக்க வேண்டும் என்பது விதி. தேர்தல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. கடைசியாக நடந்தது 2024 மார்ச்சில்.

வரவு செலவுத் திட்டம், பள்ளிக் கட்டணம், மொழிக் கொள்கை, நடத்தை விதிகள், கட்டடம், மைதானம் எல்லாம் எஸ்.ஜி.பி.யின் கையில். வகுப்பறைக்குள் நடப்பதும் ஆசிரியர்களின் அன்றாட வேலையும் தலைமையாசிரியரின் பொறுப்பு. பெற்றோர் ஆசிரியர் குழுவுக்குச் சட்டம் எந்த அதிகாரமும் தரவில்லை. ஊரில் பெற்றோர் ஆசிரியர் கழகத்தைப் பார்த்துப் பழகியவர்கள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். எஸ்.ஜி.பி. இருப்பதே தெரியாமல் குழு தொடங்கினால், இரண்டாவது மாதமே "நீங்கள் யார்?" என்ற கேள்வி வரும். கேட்பவர் மேல் தப்பும் இருக்காது.

உங்கள் முன்னால் மூன்று வழிகள் உண்டு. அடுத்த தேர்தலில் நின்று எஸ்.ஜி.பி.க்குள்ளேயே போவது ஒன்று. எஸ்.ஜி.பி.யின் கீழ் ஒரு துணைக்குழுவாக இயங்குவது இரண்டாவது. சட்டத்தின் 30-ஆவது பிரிவு இதற்கு இடம் தருகிறது. எஸ்.ஜி.பி.யில் இல்லாத பெற்றோரையும் ஆசிரியரையும் துணைக்குழுவில் சேர்க்கலாம், ஆனால் தலைவராக எஸ்.ஜி.பி. உறுப்பினர் ஒருவர்தான் இருக்க வேண்டும். மூன்றாவது, தனிச் சங்கமாக இருந்து, வேண்டுமானால் 1997-ஆம் ஆண்டின் லாப நோக்கற்ற அமைப்புகள் சட்டப்படி சமூக வளர்ச்சித் துறையில் பதிவு செய்வது. பதிவு செய்துவிட்டால் ஆண்டுதோறும் கணக்கும் அறிக்கையும் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

நான் யாருக்கும் சொல்வது இரண்டாவது வழியைத்தான். தனி வங்கிக் கணக்கு வேண்டாம், தனிப் பதிவு வேண்டாம், பள்ளி மண்டபத்தையும் அடுப்படியையும் பயன்படுத்த ஒவ்வொரு முறையும் கெஞ்ச வேண்டாம். ஆட்சிக்குழு சரியாக இயங்காத பள்ளியாக இருந்தால் மட்டும் மூன்றாவதை யோசியுங்கள்.

தலைமையாசிரியரைப் பார்க்கப் போகும்போது

செயலாளரிடம் சொல்லிப் பதினைந்து நிமிடம் நேரம் வாங்குங்கள். வாசலில் பிடித்துப் பேசாதீர்கள். கையில் ஒரே ஒரு பக்கம் போதும்: நாங்கள் யார், முதல் ஆறு மாதத்தில் செய்ய நினைக்கும் ஒரே காரியம், பள்ளியிடம் கேட்பது என்ன, கேட்காதது என்ன. அந்தக் கடைசி வரி முக்கியம். எங்கள் தாளில் "ஆசிரியர்கள் மேல் வரும் புகார்களை இந்தக் குழு எடுத்துக்கொள்ளாது" என்று எழுதியிருந்தோம். தலைமையாசிரியர் அதை இரண்டு முறை படித்தார். பிறகுதான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து டீ சொன்னார்.

எஸ்.ஜி.பி. தலைவரையும் அதே வாரம் பாருங்கள். யாரை முதலில் பார்த்தோம் என்பதே பிறகு ஒரு பிரச்சினையாக வரலாம்.

சில பள்ளிகளில் "இதெல்லாம் நமக்குப் பழக்கமில்லை" என்பார்கள். அப்போது பழைய கதையை எடுத்துச் சொல்லுங்கள். 1860 நவம்பர் 16-ஆம் தேதி மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்து இறங்கியது. அதில் தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பிள்ளைகளுக்கு அரசு போதுமான பள்ளி கட்டித் தரவில்லை. ஊர் கூடிக் காசு சேர்த்துக் கட்டிய அரசு உதவிபெறும் பள்ளிகளில்தான் நேட்டால் இந்தியப் பிள்ளைகளில் பெரும்பாலோர் படித்தார்கள். வலங்கைமானில் பிறந்த சீனிவாச சாஸ்திரியின் பெயரில் டர்பனில் எழுந்த சாஸ்திரி கல்லூரியும் ஊரார் நன்கொடையில் எழுந்ததுதான். இங்கே பிறந்து வளர்ந்த தாத்தாக்களிடம் கேட்டுப் பாருங்கள், செங்கல் சுமந்த கதையே வரும்.

ஐந்து பேர், ஆனால் எந்த ஐந்து பேர்?

தொடங்க ஐந்து பேர் போதும். ஐந்து சிநேகிதிகளாக மட்டும் இருக்கக் கூடாது. எங்கள் முதல் குழுவில் எல்லாரும் ஒரே தெருவில் இருந்த, கார் வைத்திருந்த, பகல் நேரம் ஓய்வாயிருந்த தாய்மார்கள். பள்ளியிலோ பாதிக்கு மேல் பிள்ளைகள் பக்கத்து ஊர்களான குவாமாஷு, இனாண்டாவிலிருந்து, பலரும் சேர்ந்து ஏறும் மினிபஸ் டாக்சியில் வருபவர்கள், வீட்டில் ஜூலு பேசுபவர்கள். அவர்கள் வீட்டார் ஒருவரும் எங்கள் மேசையில் இல்லை.

பீனிக்ஸில் இருப்பவர்களுக்கு இது வெறும் எண்ணிக்கை விவகாரம் இல்லை. 2021 ஜூலையில் இங்கே நடந்த வன்முறையில் உயிர்கள் போயின. பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துப் பயந்த நாட்கள் அவை. அதுவரை இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவர்கள். அந்தப் பிள்ளைகளின் பெரியவர்கள் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரு சின்னக் காரியத்தைச் சேர்ந்து செய்து முடிப்பது, எந்தச் சமாதானக் கூட்டத்தையும் விடப் பெரிது என்று நான் நம்புகிறேன்.

இரண்டாவது முறை இப்படித் தேர்ந்தெடுத்தோம்: ஒரு ஆசிரியை, ஒரு தமிழ் அம்மா, ஒரு முஸ்லிம் அப்பா, பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிவரும் டாக்சி ஓட்டுநர் ஒருவர், பேரப்பிள்ளைகள் மூவரை வளர்க்கும் ஒரு பாட்டி. ஜூலுவில் பாட்டியைக் கோகோ என்பார்கள், எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டோம். பெற்றோர் இல்லாமல் பாட்டிகள் வளர்க்கும் பிள்ளைகள் இங்கே நிறைய. "பெற்றோர்" என்று மட்டும் போட்ட அழைப்பிதழைப் பார்த்துக் கோகோக்கள் தங்களுக்கு இல்லை என்று நினைத்துக்கொள்வார்கள். "பெற்றோர், பாட்டி தாத்தா, பொறுப்பாளர்" என்று எழுதுங்கள்.

கூட்டத்துக்கு முன் கேளுங்கள்

ரிப்போர்ட் வாங்க வரும் நாள்தான் எல்லாரும் பள்ளிக்கு வரும் ஒரே நாள். அன்று வாசலில் ஒரு மேசை போட்டு மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள்: எந்த நேரம் உங்களுக்குத் தோதாக இருக்கும்? எந்த மொழியில் பேசினால் வசதி? இந்தப் பள்ளியில் எது மாறினால் உங்கள் பிள்ளைக்கு நல்லது? எழுதத் தயங்குபவர்களிடம் நீங்களே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நாங்கள் எதிர்பார்த்தது கம்ப்யூட்டர், விளையாட்டுச் சாமான். வந்த பதிலில் பாதி கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பது. பெண்பிள்ளைகள் காலையிலிருந்து மதியம் வரை தண்ணீர் குடிக்காமலே இருக்கிறார்கள் என்று கோகோ ஒருவர் சொன்னார். அதுவே எங்கள் முதல் வேலை ஆனது. ஒரு சனிக்கிழமை, எட்டுத் தாழ்ப்பாள், ஒரு டிரில்லர், இரண்டு அப்பாக்கள். அடுத்த கூட்டத்துக்குக் கூட்டம் சேர்ந்தது அதனால்தான்.

முதல் கூட்டம்

இதில் நேரம் எடுத்து யோசியுங்கள். வார நாளில் மாலை ஐந்தரைக்கு வைத்தால் வேலை விட்டு டாக்சி பிடித்து வருபவர்களால் முடியாது. வந்தாலும், இருட்டிய பிறகு வீடு திரும்ப டாக்சி கிடைப்பது கஷ்டம். முதல் முறை நாங்கள் அப்படி வைத்துத்தான் ஏழு பேரோடு உட்கார்ந்திருந்தோம். பிறகு சனிக்கிழமை காலை பத்து மணி என்று மாற்றினோம். நாட்காட்டியையும் பார்த்துக்கொள்ளுங்கள். தைப்பூசக் காவடி, புனித வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டம் போகும் நாள், ரமலான், மாதக் கடைசியில் சம்பளம் வந்து எல்லாரும் கடைக்குப் போகும் சனி, இவை வேண்டாம்.

சின்னப் பிள்ளைகளை அழைத்து வரலாம் என்று எழுதுங்கள், பக்கத்து வகுப்பில் கிரேயானும் தாளும் வைத்து ஒருவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்படிப் பிள்ளைகளோடு வேலை செய்யப்போகிற தன்னார்வலர் யாராக இருந்தாலும், அவர் பெயர் தேசியக் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டிலோ பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டிலோ இல்லை என்று பள்ளி வழியாகச் சரிபார்த்த பிறகே பொறுப்புக் கொடுங்கள். தெரிந்தவர்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

நாற்காலிகளை வகுப்பு மாதிரி வரிசையாகப் போடாமல் வட்டமாகப் போடுங்கள். ஆசிரியர்கள் மேடையில் உட்காரக் கூடாது. ஆங்கிலத்தில் ஒருவர் பேசினால் ஒவ்வொரு இரண்டு மூன்று வாக்கியத்துக்கும் நிறுத்தி ஜூலுவில் ஒருவர் சொல்ல வேண்டும். கூட்டம் இரண்டு மடங்கு நீளும், பரவாயில்லை. எங்கள் கூட்டத்தில் ஒரு கோகோ அரை மணி நேரம் வாயே திறக்கவில்லை. மொழிபெயர்ப்பு தொடங்கியதும் கையைத் தூக்கினார், பிறகு அவர்தான் எல்லாரையும் விட அதிகம் பேசினார்.

ஒன்றே கால் மணி நேரத்தில் முடித்துவிடுங்கள். பேச வேண்டியது நான்கு: ஏன் கூடினோம், எஸ்.ஜி.பி.யோடு நம் உறவு என்ன, முதல் ஒரே வேலை எது, யார் யாருக்கு என்ன பொறுப்பு. பாயசமோ சமோசாவோ டீயோ கூட்டம் தொடங்கும் முன்பே கொடுங்கள். பசியோடு பேசுபவர்களுக்குக் கோபம் சீக்கிரம் வரும்.

விதித்தாள்

இதற்கு ஒரு மாதம் செலவழிக்காதீர்கள். இரண்டு பக்கம் போதும்: பெயர், நோக்கம், யார் உறுப்பினர், பொறுப்பாளர்கள் எத்தனை நாளைக்கு, ஆண்டுக்கு எத்தனை கூட்டம், முடிவு எடுக்கக் குறைந்தது எத்தனை பேர், பணத்தை யார் தொடலாம், குழு கலைந்தால் சாமான்கள் யாருக்கு. துணைக்குழு என்றால் எஸ்.ஜி.பி. கூட்டத்தில் அது ஏற்கப்பட்டு நடவடிக்கைக் குறிப்பில் ஏற வேண்டும். அந்தக் குறிப்பின் நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தலைமையாசிரியர் மாறினால் அந்தத் தாள்தான் பேசும்.

பணம்

எங்கள் முதல் குழு கலைந்தது இங்கேதான். பிரியாணி விற்ற காசை ஒரு அம்மாவின் சொந்தக் கணக்கில் போட்டு வைத்திருந்தோம். அவர் ஒரு சென்ட் எடுக்கவில்லை. ஆனால் அந்த மாதம் அவர் வீட்டுக்காரருக்கு வேலை போனது, சம்பளம் வரவில்லை, வங்கி தானாகப் பிடிக்கும் மாதத் தவணைகளான டெபிட் ஆர்டர்கள் வழக்கம்போல் ஓடின, பள்ளிக் காசும் அதோடு சேர்ந்து போய்விட்டது. மூன்று மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கட்டினார். அதன் பிறகு பள்ளி வாசலில் நிற்பதையே விட்டுவிட்டார். தப்பு அவருடையது இல்லை, அப்படி வைக்கச் சொன்ன எங்களுடையது.

துணைக்குழுவாக இருந்தால் எல்லாக் காசும் பள்ளி நிதிக் கணக்குக்குப் போக வேண்டும், உங்கள் திட்டத்துக்கென்று தனிக் கணக்குத் தலைப்புப் போட்டுத் தரச் சொல்லுங்கள். காசை எப்போதும் இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, அந்த இடத்திலேயே தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். ரசீதுப் புத்தகம் வாங்குங்கள். வரவு செலவை ஒவ்வொரு பருவ முடிவிலும் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள், லாபம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

காசு சேர்க்க இங்கே நன்றாக ஓடுவது பிரியாணிப் பொட்டலம், பிள்ளைகள் காசு கொடுத்துச் சீருடை இல்லாமல் வரும் சிவீஸ் டே, வடை சமோசா விற்பனை. பிரியாணியை முன்கூட்டியே ஆர்டர் எடுத்த பிறகுதான் சமையுங்கள், வாசலில் விற்றுக்கொள்ளலாம் என்று பானை ஏற்றாதீர்கள். இறைச்சி ஹலால் கடையில் வாங்கினால் எல்லா வீட்டிலும் சாப்பிடுவார்கள். காய்கறிப் பிரியாணிக்குத் தனிப் பானை, தனிக் கரண்டி. புரட்டாசியில் கோழிப் பிரியாணி போட்டால் பாதித் தமிழ் வீடு வாங்காது, அந்த மாதம் பருப்பும் உருளைக்கிழங்கும் போட்ட சைவ பிரியாணிதான். சிவீஸ் டேயில் ரேண்ட் கொண்டுவராத பிள்ளையையும் வீட்டு உடையில் உள்ளே விடுங்கள் என்று ஆசிரியர்களிடம் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் விற்றுக் குலுக்கிப் பரிசு தரும் ரேஃபிள் மட்டும் கவனம். அது 1997-ஆம் ஆண்டின் லாட்டரிச் சட்டத்துக்குள் வரும், வெளியாருக்கு டிக்கெட் விற்பதற்கு முன் தேசிய லாட்டரி ஆணையத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

காசு சேர்ப்பதை விடப் பெரிய உதவி ஒன்று உண்டு. கட்டணம் வாங்கும் பள்ளியில், கட்ட முடியாத பெற்றோர் விலக்குக் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. பள்ளிக் கட்டணம் பெற்றோரின் மொத்த ஆண்டு வருமானத்தில் 10 சதவீதத்தையோ அதற்கு மேலோ எட்டினால் முழு விலக்கு உண்டு. பிள்ளைக்காக அரசின் உதவித்தொகை வாங்குபவர்களுக்கும் விலக்கு உண்டு. கட்டணம் கட்டவில்லை என்று பிள்ளையைப் பள்ளியின் எந்த நடவடிக்கையிலிருந்தும் ஒதுக்கக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. ஜனவரியில் இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து அந்த விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள். கட்டணம் பாக்கி என்ற வெட்கத்தில் பள்ளிப் பக்கம் தலைகாட்டாதவர்கள் அதன் பிறகு கூட்டத்துக்கு வருவார்கள். எங்கள் பள்ளியில் வந்தார்கள்.

வாட்ஸ்அப்

சாதாரண வாட்ஸ்அப் குழுவில் எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலையிலிருந்து முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. எண்ணைச் சேர்க்கும் முன் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், பிள்ளைகள் படத்தைப் போடாதீர்கள். நிர்வாகி மட்டும் அனுப்பும்படி அமைத்துவிட்டால் இரவு பதினோரு மணிக்கு வரும் சண்டை இல்லை. போன் இல்லாத வீடுகளுக்குப் பிள்ளையின் பையில் காகிதம்தான், அதை விட்டுவிடாதீர்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் ரோடு போய், மின்சாரம் போய், தண்ணீர் போய் நின்றபோது எந்தப் பிள்ளை எங்கே இருக்கிறது என்று தேட எங்களுக்கு உதவியது அச்சடித்து வைத்த ஒரு பட்டியல்தான்.

ஆசிரியர்களோடு

மாலை வரை வகுப்பில் நின்றவரைச் சனிக்கிழமையும் கூப்பிடுகிறோம் என்பது நினைவில் இருக்கட்டும். ஆசிரியர்களை முறைபோட்டு வரச் சொல்லுங்கள், எல்லாரும் எல்லாவற்றுக்கும் வேண்டாம். யாராவது கூட்டத்தில் எழுந்து ஓர் ஆசிரியரின் பெயரைச் சொல்லிக் குறை சொன்னால் அங்கேயே நிறுத்தி, "இதை நாளை காலை நானே உங்களோடு அலுவலகத்துக்கு வந்து பேசுகிறேன்" என்று சொல்லுங்கள், சொன்னபடி போங்கள். ஒரு முறை அப்படிப் போகாமல் விட்டேன், அந்த அப்பா திரும்பி வரவே இல்லை.

தமிழ் வகுப்பு வேண்டும் என்றால்

நம்மவர்கள் குழு தொடங்குவதே பல சமயம் இதற்காகத்தான். அரசியலமைப்புச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு, இங்குள்ள சமூகங்கள் பொதுவாகப் பேசும் மொழிகளின் வளர்ச்சிக்கும் மதிப்புக்கும் வழிசெய்ய வேண்டும் என்று சொல்லுமிடத்தில் தமிழைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. ஆனால் பள்ளியின் மொழிக் கொள்கையை வகுப்பது எஸ்.ஜி.பி.தான், 2024-இல் வந்த திருத்தச் சட்டத்துக்குப் பிறகு அதற்கு மாகாணக் கல்வித் துறைத் தலைவரின் ஒப்புதலும் வேண்டும். ஆகவே முதல் கூட்டத்திலேயே இதை எடுக்காதீர்கள். தாழ்ப்பாள் போட்டு, விலக்கு விண்ணப்பம் நிரப்பி, ஓர் ஆண்டு எல்லாருக்கும் உழைத்த பிறகு, எத்தனை பிள்ளைகள் சேர்வார்கள், யார் சொல்லித் தருவார், எந்த நேரம் என்ற கணக்கோடு கேளுங்கள். பள்ளி முடிந்தபின் நடக்கும் வகுப்பாகத் தொடங்கினால் சுலபம். எங்கள் வகுப்பில் ஜூலு பேசும் பிள்ளைகள் நான்கு பேர் வந்து உட்கார்ந்தார்கள். அதில் ஒரு பெண் "ழ" சொல்வதைக் கேட்டு எங்கள் வீட்டுப் பிள்ளைகள் வெட்கப்பட்டுத் திருத்திக்கொண்டார்கள்.

நவம்பரில்

இங்கே பள்ளி ஆண்டு டிசம்பரில் முடியும், 7-ஆம் வகுப்புப் பெற்றோர் அதோடு போய்விடுவார்கள். குழுவையே நடத்தியது அவர்களாக இருந்தால் ஜனவரியில் யாரும் மிஞ்சமாட்டார்கள். அதனால் அக்டோபரிலேயே 3, 4-ஆம் வகுப்புப் பெற்றோரை ஒவ்வொரு பொறுப்புக்கும் துணையாகப் போடுங்கள். நவம்பர் கடைசிச் சனிக்கிழமை கோப்பை ஒப்படையுங்கள்: விதித்தாள், எஸ்.ஜி.பி. குறிப்பின் நகல், ரசீதுப் புத்தகங்கள், சம்மதத் தாள்கள், வாட்ஸ்அப் நிர்வாகியாக இருப்பவர்களின் பெயர், பிரியாணிப் பானை யார் வீட்டில் இருக்கிறது என்ற துண்டுச்சீட்டு, அடுத்த எஸ்.ஜி.பி. தேர்தல் 2027-இல் என்ற குறிப்பு. எங்கள் கோப்பின் முதல் பக்கத்தில் கோகோவின் கையெழுத்தில் ஜூலுவில் ஒரு வரி இருக்கும்: டாக்சி கடைசியாகப் புறப்படும் நேரம்.